உப்புக்காற்றில் ஓடும் வண்டிக்கு ஹோஸ் மாற்றுவதும் பட்டறை பில்லைக் கட்டுக்குள் வைப்பதும்

ஒரு மே மாத மதியம், உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் நோக்கிப் போகும்போது என் பழைய காரின் டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டை விட்டு மெல்ல ஏறத் தொடங்கியது. ஏசியை அணைத்தால் இறங்கிவிடும் என்று எண்ணி மேலும் நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டினேன். பானெட்டின் ஓரத்தில் வெண்புகை கிளம்பிய பிறகுதான் நிறுத்தினேன். கிழிந்திருந்தது ரேடியேட்டரின் மேல் ஹோஸ். சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும் ரப்பர்க் குழாய் அது. நான் கட்டிய பில்லோ 14,000 ரூபாயைத் தாண்டியது. ஓட்டிய அந்த நான்கைந்து கிலோமீட்டரில் இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டும் போய், லேத்தில் கொடுத்து ஹெட்டின் பரப்பைச் சமப்படுத்த (ஃபேசிங்) வேண்டியதாகிவிட்டது. அந்தப் பில்லில் நான் கட்டியிருக்க வேண்டாத தொகைகள் இரண்டு இருந்தன. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

ராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் புதிதாக வண்டி வாங்கியவர்களுக்காக, குறிப்பாகப் பழைய வண்டியை வாங்கியவர்களுக்காக, இதை எழுதுகிறேன். பட்டறைக்குப் போகுமுன் எந்த ஹோஸ் கெட்டிருக்கிறது என்று பெயரோடு சொல்லத் தெரிந்தவருக்கும், "தண்ணீர் ஒழுகுகிறது, பாருங்கள்" என்று மட்டும் சொல்பவருக்கும் ஒரே பில் வருவதில்லை.

நாமே தொடக்கூடியவை, தொடக்கூடாதவை

பானெட்டைத் திறந்தால் கண்ணில் படும் இரண்டு தடித்த கறுப்புக் குழாய்களே மேல் ஹோஸும் கீழ் ஹோஸும். மேல் ஹோஸ் இன்ஜினில் சூடான கூலண்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்குக் கொண்டு போகிறது. ஆறிய கூலண்டைக் கீழ் ஹோஸ் இன்ஜினுக்குத் திருப்பி எடுத்து வருகிறது. கீழ் ஹோஸ் வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளாதிருக்கச் சில வண்டிகளில் அதனுள்ளே சுருள்கம்பி இருக்கும். இவை தவிர, ஹீட்டருக்குப் போகும் இரண்டு மெல்லிய ஹோஸ்களும், ரிசர்வ் டேங்குக்குப் போகும் விரல் பருமனுள்ள குழாயும், இன்ஜினை ஒட்டி ஒளிந்திருக்கும் குட்டையான பைபாஸ் ஹோஸும் உண்டு. ஓரளவு பொறுமை உள்ள எவரும் மாற்றக்கூடியவை இவைதான்; பைபாஸ் ஹோஸுக்கு மட்டும் சில வண்டிகளில் கை நுழையாது.

பிரேக் ஹோஸ், கிளட்ச் ஹோஸ், பவர் ஸ்டியரிங்கின் அழுத்தக் குழாய், ஏசி குழாய், டீசல் வண்டியின் உயரழுத்த எரிபொருள் குழாய் ஆகியவற்றைப் புதியவர்கள் தொடக்கூடாது. இப்போதைய காமன் ரெயில் டீசல் இன்ஜின்களில் அந்த அழுத்தம் 1,000 பார் அளவையும் மிஞ்சும். அங்கே ஊசி முனையளவு கசிவு இருந்தாலும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். பிரேக் ஹோஸை மாற்றினால் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். அது சரியாக நடந்ததா இல்லையா என்பதை நடுரோட்டில் கண்டுபிடிக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. இவற்றில் விரிசலோ ஈரமோ இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது.

இந்தக் கரையில் ஹோஸ் கெடும் விதம்

கடல் காற்று ரப்பரைத் தின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உப்பு முதலில் தின்பது ரப்பரைப் பிடித்திருக்கும் கிளிப்பை. மட்டமான இரும்புக் கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்ததும், நல்ல ஹோஸாக இருந்தாலும் அதன் வாயோரத்தில் கூலண்ட் கசியத் தொடங்கும். ஹோஸ் மாட்டியிருக்கும் அலுமினிய வாயின் மீது வெள்ளையாகப் படியும் துரு ரப்பரை உள்ளிருந்து தூக்கிவிடுவதும் உண்டு. மீன் ஏற்றும் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. ஐஸ் கரைந்த உப்புநீர் சேஸிஸின் மேல் சொட்டிக்கொண்டே இருப்பதால், அடியில் உள்ள பிரேக் பைப்புகளும் கிளிப்புகளும் மற்ற வண்டிகளை விட விரைவில் அரிக்கப்படுகின்றன. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஓடும் குட்டி யானை வண்டிகளின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ரப்பரைக் கெடுப்பது சூடும் வயதும். அந்தக் கெடுதி பெரும்பாலும் வெளியே தெரியாது. கீழக்கரையில் ஒரு முதிய மெக்கானிக் எனக்கு இதைக் கண்முன் காட்டினார். வெளியே பளபளவென்று இருந்த ஒரு பழைய ஹோஸை எடுத்து, பிளேடால் நீளவாக்கில் கீறி, புத்தகம் போல் விரித்தார். கிளிப் இருந்த இடத்திலிருந்து இரண்டு விரல்கடைக்குள், உட்சுவரில், குழாயின் நீளப்போக்கிலேயே மெல்லிய கோடுகள் ஓடியிருந்தன. நகத்தை வைத்து அவர் அழுத்தியதும் ஒரு கோடு வாய் திறந்தது, உள்ளே இழைநூல் தெரிந்தது. "வெளிய பாத்தா புதுசு மாதிரி இருக்கும் தம்பி, உள்ள செத்துப்போய் இருக்கும்" என்றார். வெவ்வேறு உலோகங்களுக்கு இடையே கூலண்ட் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் ஓடுவதால் ரப்பரின் உட்சுவர் இப்படி வெடிக்கிறது. பழைய, சத்துப்போன கூலண்டில் இது வேகமாக நடக்கிறது.

இங்கேதான் நம் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கரையோர ஊர்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு. குடிப்பதற்கே காவிரிக் கூட்டுக் குடிநீரையும் கேன் தண்ணீரையும் எதிர்பார்த்து நிற்கும் நாம், ரேடியேட்டருக்கு மட்டும் கையில் கிடைத்த குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறோம். அந்த உப்பு ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்து அடைக்கிறது, அலுமினியத்தை அரிக்கிறது, ஹோஸின் ஆயுளையும் குறைக்கிறது. கூலண்டைக் கலப்பதற்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது. கலந்தே விற்கும் கூலண்டை வாங்கினால் அந்தக் கவலையும் இல்லை.

சோதித்துப் பார்த்தல்

காலையில் வண்டியை எடுக்குமுன், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது சோதிக்க வேண்டும். ஹோஸின் நடுப்பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அழுத்திப் பார்த்துவிட்டு, அதே போல் கிளிப்புக்கு அருகிலும் அழுத்துங்கள். இரண்டு இடமும் ஒரே போல் மீள வேண்டும். ஓரம் மட்டும் மெத்தென்று அமுங்கினாலோ, உள்ளே பள்ளம் போல் விரலுக்குத் தட்டுப்பட்டாலோ, அந்த மெக்கானிக் காட்டிய கோடுகள் உள்ளே இருக்கின்றன என்று கொள்ளலாம். அழுத்தும்போது நொறுங்கும் சத்தம் வருவது சூட்டில் காய்ந்து இறுகியதன் அடையாளம். ஹோஸ் உப்பி, பிசுபிசுத்து, அழுத்தினால் களிமண் போல் இருந்தால், எங்கிருந்தோ இன்ஜின் ஆயில் அதன் மேல் வடிகிறது. கூலண்ட் ஹோஸ் ரப்பருக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. ஆயில் கசிவை அடைக்காமல் புது ஹோஸ் போட்டால் அதுவும் அதே கதிக்குத்தான் வரும்.

கிளிப்பைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தது போன்ற படிவு இருந்தால், சூட்டில் அழுத்தம் ஏறும்போது மட்டும் அங்கே கசிகிறது என்று பொருள். வண்டிக்குள் இனிப்பு வாடை வந்தால் ஹீட்டர் பக்கத்தைச் சந்தேகிக்கலாம்.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நம் வீட்டு வாசல்கள் பெரும்பாலும் மணல். சிமெண்ட் தரையில் நிற்கும் வண்டி ஒழுகினால் கறை காட்டிக்கொடுத்துவிடும். மணலோ சொட்டியதைக் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். மாதம் ஒருமுறை இரவில் இன்ஜினுக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் நிறமில்லாத தண்ணீர் மட்டும் இருந்தால் அது ஏசியில் வடிந்தது, பயமில்லை. பச்சையோ சிவப்போ கலந்து வழுவழுப்பாக இருந்தால் கூலண்ட். சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம், வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

குறை ஒன்றும் தெரியாவிட்டாலும், நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மேல், கீழ் ஹோஸ்களைக் கிளிப்புகளோடு மாற்றிவிடுவது நல்லது. பழைய வண்டி வாங்கியவர், முன்பு எப்போது மாற்றினார்கள் என்ற கணக்கு இல்லையென்றால், வாங்கிய மாதத்திலேயே மாற்றிவிடலாம்.

வாங்குதல்

ரேடியேட்டர் ஹோஸ் வளைவு வைத்தே வார்க்கப்படுவது. மாடலுக்கு மாடல், சில நேரம் ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு, வளைவு மாறும். எனவே ஆர்சி புத்தகத்தின் படத்தையும் பழைய ஹோஸின் படத்தையும் போனில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ராமநாதபுரத்தில் கிடைக்காத பாகத்தை ஏறக்குறைய 115 கிலோமீட்டர் தள்ளியுள்ள மதுரையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்வது நம் பக்கத்து வழக்கம். அதற்கு ஒரு நாளாவது ஆகும். அதனால், கையில் பாகம் வந்து சேராமல் பழைய ஹோஸைக் கழற்றாதீர்கள். நேரான குழாயை வெட்டி வளைத்துப் போடலாம் என்று சொல்லும் கடைக்காரர் பேச்சைக் கேட்கக் கூடாது. வளைவில் மடிந்து ஓட்டத்தை அடைத்துவிடும்.

கிளிப் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முழுவதும் எவர்சில்வரால் ஆனதைக் கேட்டு வாங்குங்கள். பட்டை மட்டும் எவர்சில்வராக இருந்து திருகு இரும்பாக இருப்பவையும் கடையில் உண்டு. காந்தத்தைத் திருகில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். வண்டியோடு வந்தவை ஸ்பிரிங் கிளிப்புகளாக இருந்து துருப்பிடிக்காமலும் இருந்தால் அவற்றையே மீண்டும் போடலாம். சூட்டில் ரப்பர் விரிவதற்கும் சுருங்குவதற்கும் அவை தாமே ஈடுகொடுக்கும்.

வண்டிக்கு எந்த வகைக் கூலண்ட் என்பதைக் கையேட்டில் பார்த்து, அதே வகையை வாங்குங்கள். நிறத்தை மட்டும் நம்பி வகைகளைக் கலப்பது நல்லதல்ல.

மாற்றுதல்

இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் தொடங்குங்கள். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தில், நூறு டிகிரியைத் தாண்டிய சூட்டில் கொதிக்காமல் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் சாவி இல்லாமலே மின்விசிறி திடீரெனச் சுழலும்.

ஹோஸ் போகும் வழியையும் கிளிப்பின் திருகு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதையும் நாலைந்து கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டரின் அடியில் வடிகால் திருகு இருந்தால் அதன் வழியே, இல்லாவிட்டால் கீழ் ஹோஸின் ஒரு முனையைத் தளர்த்தி, கூலண்டை அகன்ற பாத்திரத்தில் பிடியுங்கள். அதைத் தரையில் விடாதீர்கள். கூலண்ட் இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் கோழியும் நக்கும், அது உயிரைப் பறிக்கும் நஞ்சு. மூடியுள்ள கேனில் ஊற்றிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

கிளிப்பின் திருகை 7 அல்லது 8 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனரால் தளர்த்தி, கிளிப்பை ஹோஸின் நடுப்பக்கம் நகர்த்துங்கள். பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டிருக்கும்; திருப்புளியை நுழைத்து நெம்பினால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் வாய் உடைந்து, ஹோஸ் செலவு ரேடியேட்டர் செலவாகிவிடும். மெல்லத் திருகிப் பாருங்கள். அசையவில்லை என்றால், எப்படியும் குப்பைக்குப் போகும் ஹோஸ்தானே என்று, வாயின் மேல் பிளேடால் நீளவாக்கில் லேசாகக் கீறி உரித்துவிடுங்கள். கீறும்போது கத்தி வாயின் பரப்பில் கோடு போடாமல் இருக்க வேண்டும்.

வாயில் படிந்திருக்கும் வெள்ளைத் துருவை நைஸான உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். நான் பார்த்தவரை பாதிப்பேர் தாண்டிச் செல்வது இந்தப் படியைத்தான், மாற்றிய மறுவாரமே ஒழுகுவதும் இதனால்தான். புது ஹோஸின் உட்புறத்தைக் கொஞ்சம் கூலண்டால் நனைத்தால் வழுக்கி ஏறும். கிரீஸோ எண்ணெயோ தடவக் கூடாது, சீலண்ட் பசையும் வேண்டாம். கிளிப்புகளை முதலிலேயே ஹோஸில் மாட்டிக்கொள்ள மறந்துவிடாதீர்கள். வாயின் மேலுள்ள வளைய மேட்டைத் தாண்டி ஹோஸ் முழுவதும் உள்ளே போக வேண்டும். கிளிப் அந்த மேட்டுக்கும் ஹோஸின் விளிம்புக்கும் நடுவே உட்கார வேண்டும். பட்டையின் ஓட்டைகள் வழியே ரப்பர் பிதுங்கத் தொடங்கினால் அதிகம் முறுக்கிவிட்டீர்கள் என்று பொருள்.

இனிக் காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயரமான இடத்தில் நிறுத்தி, கூலண்டை மெல்ல ஊற்றி, பேட்டரி வயரை மாட்டி, மூடியைத் திறந்து வைத்தபடியே இன்ஜினை ஓடவிடுங்கள். ஹீட்டர் உள்ள வண்டியானால் அதன் குமிழைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்புங்கள். இந்த ஊரில் ஹீட்டரா என்று சிரிக்க வேண்டாம்; அந்தப் பாதையில் அடைபட்ட காற்றுதான் பிறகு முள்ளை ஏற்றிவிடும். குமிழிகள் வர வர அளவு குறையும், ஊற்றிக்கொண்டே இருங்கள். கூலண்ட் சூடானதும் வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகி, விசிறி ஒருமுறை ஓடி நின்ற பிறகு, குமிழி இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி மூடியைப் போடலாம். ரேடியேட்டரில் மூடியே இல்லாத மாடல்களில் டேங்க் வழியாக ஊற்றி, காற்றுத் திருகைத் திறந்துவிட வேண்டும். மறுநாள் காலையில் அளவையும் கிளிப்பையும் பாருங்கள்; நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

வழியில் கிழிந்துவிட்டால்

முள் ஏறினால் உடனே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுவேகத்தில் வைத்து, ஓரமான இடம் கிடைத்ததும் இன்ஜினை நிறுத்துங்கள். பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் இருக்கும்போது முள் ஏறத் தொடங்கினால், "அக்கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தோன்றும். என் 14,000 ரூபாய் அந்த மாதிரி எண்ணத்துக்குக் கொடுத்த விலைதான். அரைமணி நேரமாவது ஆறவிட்டு, மூடி கையால் தொடும் அளவுக்குக் குளிர்ந்த பிறகே திறக்க வேண்டும். சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பே விரிசல் விடும். தனுஷ்கோடிச் சாலையில் இரு பக்கமும் கடல்தான் தெரியும். அந்தத் தண்ணீரை ஊற்றுவதற்குப் பதில் குடிதண்ணீர்ப் பாட்டில்களைக் கேட்டு வாங்குங்கள்.

கிழிசல் சிறியதானால், ஹோஸைத் துடைத்துக் காயவைத்து, சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, இழுத்துப் பிடித்து நாலைந்து சுற்றுச் சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கலாம். ரேடியேட்டர் மூடியை முதல் கொக்கி வரை மட்டும் திருகினால் அழுத்தம் சேராது. முள்ளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக அடுத்த ஊர்ப் பட்டறை வரை ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். இன்ஷூரன்ஸ் பாலிசியில் இழுவை வண்டி உதவி இருக்கிறதா என்று இன்றே பார்த்து, அந்த எண்ணைப் போனில் பதிந்து வைத்திருந்தால் இந்த வித்தை எதுவும் தேவைப்படாமலும் போகலாம்.

பட்டறையில்

ஒழுகும் இடத்தை வீடியோ எடுத்துக் காட்டி, "மேல் ஹோஸ், இன்ஜின் பக்கத்து வாயில் கசிகிறது, ஹோஸும் இரண்டு கிளிப்பும் மாற்ற வேண்டும், கூலண்ட் ஊற்ற வேண்டும். பாகத்துக்கு எவ்வளவு, லேபர் எவ்வளவு?" என்று கேளுங்கள். "சின்ன வேலைதாண்ணே, பாத்துக்கலாம்" என்ற பதிலோடு வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். அந்தச் சொல்லில் வஞ்சகம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் தொகையும் இல்லை. பேசிய தொகையை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பி, "வேறு எதைக் கழற்றுவதாக இருந்தாலும் போன் செய்துவிட்டுக் கழற்றுங்கள், பழைய பாகங்களும் புதுப் பாகத்தின் அட்டையும் எனக்கு வேண்டும்" என்று சேர்த்துவிடுங்கள். நல்ல மெக்கானிக் யாரும் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

என் பில்லுக்கு வருகிறேன். கூலண்ட் இரண்டு இடத்தில் இருந்தது, ஹோஸ் மாற்றிய கணக்கில் ஒன்று, ஹெட் வேலைக் கணக்கில் ஒன்று. வடித்ததும் நிரப்பியதும் ஒரே முறைதான். அடுத்து, ஹோஸ் மாற்றத் தனி லேபர். ஹெட்டை இறக்கும்போது ஹோஸைக் கழற்றாமல் இறக்கவே முடியாது, ஆகவே அந்த உழைப்பு ஹெட் லேபருக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. ஒரே பிரிப்பில் நடக்கும் வேலைகளுக்கு லேபர் இரண்டு முறை வராது என்று அன்று எனக்குத் தெரியாததால் பேசாமல் கட்டினேன்.

வரியையும் பாருங்கள். பாகத்தின் அட்டையில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரிகளும் அடங்கியது. அதன் மேல் ஜிஎஸ்டி போட்டால் தவறு. ஜிஎஸ்டி எண் இல்லாத பில்லில் வரி வசூலிக்க இடமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு வரி 18 விழுக்காடு. பழைய 28 விழுக்காட்டுக் கணக்கில் பில் வந்தால் திருத்திக் கேளுங்கள். பேசித் தீராத தகராறுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லாமலே புகார் கொடுக்கலாம்; சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

அதே நேரத்தில், மெக்கானிக்கின் லேபரைப் பேரம் பேசிக் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மே மாத வெயிலில் இன்ஜினுக்குள் தலையை நுழைத்து வேலை பார்ப்பவருக்கு உரிய கூலி அது. பாகத்தை நீங்களே வாங்கிக் கொடுத்தால், அந்தப் பாகம் கெட்டுப்போவதற்கு அவர் பொறுப்பில்லை என்பதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

வேலை முடிந்ததும், கழற்றிய இரண்டு ஹோஸ்களில் கிழியாத ஒன்று இருந்தால் எறியாதீர்கள். ஒரு ஜோடிக் கிளிப்பு, சைக்கிள் டியூப் துண்டு, கட்டுக்கம்பி, 8 மி.மீ. ஸ்பேனர், இரண்டு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் ஆகியவற்றோடு சேர்த்து டிக்கியின் ஓரத்தில் போட்டுவையுங்கள். புது ஹோஸின் மேல் மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் வெள்ளைப் பெயிண்டால் எழுதிவிடுங்கள்.